'அபைடு பை': கையெழுத்துக்கு மேலே இருக்கும் அந்த வரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலையில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். ஜூன் மாதம் பிறந்துவிட்டால் போதும், பாடப் புத்தகத்தோடு வருகிறவர்களைவிட சேர்க்கைப் படிவத்தோடு வருகிறவர்கள்தான் அதிகம். கல்லூரி, ஹாஸ்டல், முதல் வேலை, வாடகை வீடு என்று எதுவானாலும் கடைசிப் பக்கத்தில், கையெழுத்துப் போடும் கோட்டுக்குச் சற்று மேலே, 'ஐ அக்ரீ டு அபைடு பை...' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த வரியைப் பற்றி இத்தனை வருடங்களில் என்னிடம் வந்த கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஆங்கிலத்தில் இதன் எழுத்துகள் ஏ, பி, ஐ, டி, ஈ. அப்புறம் ஓர் இடைவெளி விட்டு பி, ஒய்.

ஒரே வரியில் சொன்னால் என்ன பொருள்?

ஒரு விதியையோ முடிவையோ ஒப்பந்தத்தையோ ஏற்றுக்கொண்டு, அதன்படியே தொடர்ந்து நடப்பது. இதில் 'ஏற்றுக்கொண்டு', 'தொடர்ந்து' என்ற இரண்டும் முக்கியம். ஒருநாள் மட்டும் சரியாக நடந்துகொண்டதை இப்படிச் சொல்வதில்லை. நமக்குப் பிடிக்காத முடிவு வந்தாலும் விலகிப் போகாமல் நிற்பதும் இந்தச் சொல்லுக்குள் அடங்கும்.

அப்படியானால் 'ஒபே' என்று எழுதினால் போதாதா? இரண்டும் ஒன்றுதானே?

ஒன்று இல்லை, இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 'ஒபே' என்றால் கீழ்ப்படிவது. தமிழ்ச் சொல்லிலேயே 'கீழ்' இருக்கிறது பாருங்கள், அப்படியென்றால் மேலே ஒருவர் இருந்து கட்டளையிட வேண்டும். அப்பா பேச்சைக் கேட்பது, காவலர் கை காட்டியதும் வண்டியை நிறுத்துவது எல்லாம் 'ஒபே'. 'அபைடு பை' அப்படியில்லை. இதில் மேலே ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதில்லை, சமமான இரண்டு பேர் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாட்டுக்கும் இது பொருந்தும். நீங்களே 'சரி' என்று சொல்லி ஏற்றுக்கொண்ட ஒன்றுக்கு நீங்களே கட்டுப்பட்டு நிற்பது அது. அண்ணன் தம்பி இருவர் வயல் வரப்புத் தகராறில் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு, 'நீங்க என்ன சொன்னாலும் நாங்க கட்டுப்படுறோம்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு உட்காருவார்கள் இல்லையா, அந்தக் 'கட்டுப்படுறோம்' தான் இது. தீர்ப்பு என்னவென்று அவர்களுக்கு இன்னும் தெரியாது, ஆனால் தெரியாதபோதே வாக்குக் கொடுத்தாயிற்று.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? 'பை' என்ற துணுக்கு எதற்கு?

பழைய ஆங்கிலத்தில் 'பிடன்' என்று ஒரு வினை இருந்தது. தங்கு, காத்திரு என்று பொருள். அதற்கு முன்னால் ஒரு 'ஆ' சேர்ந்து வந்ததுதான் இன்றைய 'அபைடு'. மூல வினையும் முழுக்கச் செத்துப்போகவில்லை, 'பைடு யுவர் டைம்' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள், நேரம் வரும்வரை காத்திரு என்று அர்த்தம். 'அபோடு' என்ற பெயர்ச்சொல்லும் இதே வேரில் பிறந்தது, 'ரைடு' என்பதிலிருந்து 'ரோடு' வந்த மாதிரி 'அபைடு' என்பதிலிருந்து 'அபோடு'. உறைவதிலிருந்து உறைவிடம் வந்ததை நினைத்துக்கொண்டால் மறக்காது.

ஆக முதல் பொருள் தங்குவது, நிலைத்து நிற்பது. 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் இந்தச் சொல் பெரும்பாலும் இந்தப் பொருளில்தான் வரும். 'அபைடு வித் அஸ்' என்று அங்கே இருப்பதற்கு நேராகத் தமிழ் பைபிளில் 'எங்களுடனே தங்கியிரும்' என்று இருக்கிறது. 'அபைடு இன் மீ' என்ற இடத்தில் 'என்னில் நிலைத்திருங்கள்'. தேவாலயத்துக்குப் போய்ப் பழகிய பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் காட்டினால் சட்டென்று பிடிபட்டுவிடுகிறது.

'பை' என்பதற்குப் பழைய பொருள் 'பக்கத்தில்'. 'ஸ்டாண்ட் பை' என்றால் பக்கத்தில் நில், கைவிடாதே. அதே போல 'அபைடு பை' என்றால் ஒரு சொல்லின், ஒரு விதியின் பக்கத்தை விட்டு நகராமல் நிற்பது. நாமும் 'சொன்ன சொல்லில் நிற்கிறவர்' என்றுதானே சொல்கிறோம்? இன்னும் பின்னால் போனால் 'கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக' என்ற குறளில் வரும் அந்த 'நிற்க' இருக்கிறதே, 'அபைடு பை' என்பதற்கு அதைவிட நெருக்கமான தமிழ் எனக்குத் தெரிந்து இல்லை. அங்கேயும் காலால் நிற்பது பொருளில்லை, கற்றதற்கு ஏற்றபடி வாழ்ந்து நிலைப்பதுதான் பொருள். இரண்டு மொழியும் தனித்தனியாக 'நிற்பது' என்ற ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கே ஒரு சந்தோஷம் வரும்.

'ஐ கான்ட் அபைடு நாய்ஸ்' என்று படித்தேன். இங்கே விதி எதுவும் இல்லையே?

இது வேறு. 'பை' இல்லாமல், 'கான்ட்' அல்லது 'குட் நாட்' என்பதோடு வந்தால் 'பொறுக்க முடியாது, சகிக்க முடியாது' என்று பொருள். சத்தம் என்றால் எனக்கு ஆகாது என்கிறார், அவ்வளவுதான். நடைமுறையில் எதிர்மறையாகத்தான் வரும், 'ஐ கேன் அபைடு நாய்ஸ்' என்று நேர்மறையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

காத்திருப்பது என்ற பொருளிலிருந்து சகிப்பது என்ற பொருள் எப்படி வந்தது என்று குழம்ப வேண்டாம். தமிழில் 'கொஞ்சம் பொறு' என்றால் காத்திரு. 'அவர் பேச்சைப் பொறுத்துக்கொண்டேன்' என்றால் சகித்தேன். ஒரே 'பொறு' தான் இரண்டு வேலையும் செய்கிறது. அங்கேயும் அதே கதைதான்.

நீதிமன்ற உத்தரவில் 'காஸ்ட்ஸ் ஷல் அபைடு தி ரிசல்ட்' என்று இருந்தது. 'பை' விட்டுப்போன அச்சுப்பிழையா?

பிழை இல்லை. சட்ட ஆங்கிலத்தில் பழைய பொருள் அப்படியே உறைந்து நிற்கும் இடம் இது. வழக்குச் செலவை யார் யாருக்குக் கொடுப்பது என்பது வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்கும், முடிவு எப்படியோ அப்படி, என்று அர்த்தம். தமிழில் 'செலவுத் தொகை வழக்கின் முடிவைப் பொறுத்தது' என்போம். மறுபடியும் அதே 'பொறு' வந்து நிற்பதைக் கவனித்தீர்களா? இங்கே நீங்களாக 'பை' சேர்த்துத் திருத்திவிடாதீர்கள், பொருளே மாறிவிடும்.

இலக்கணப்படி இது ஃப்ரேசல் வெர்பா, இல்லையா? ஒரு புத்தகத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி இருக்கிறது.

ஒரு வினையும் ஒரு சிறு சொல்லும் சேர்ந்து ஒரே பொருள் தரும் தொடர்தான் ஃப்ரேசல் வெர்ப். கற்போருக்கான அகராதிகள் பலவும் இதை அந்தத் தலைப்பின் கீழேயே தருகின்றன. கண்டிப்பான இலக்கணக்காரர்கள் ப்ரெப்பொசிஷனல் வெர்ப் என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்ச் சண்டையை விடுங்கள், தேர்வில் கேட்டால் உங்கள் பாடப் புத்தகம் சொல்வதை எழுதிவிடலாம். எழுதும்போது தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே செயப்படுபொருளை நுழைக்க முடியாது. 'கிவ் அப்' என்பதை 'கிவ் இட் அப்' என்று பிரிக்கலாம். 'அபைடு இட் பை' என்று பிரிக்க முடியாது, எப்போதும் 'அபைடு பை இட்' தான்.

ஆனால் வாக்கியத்தின் கடைசியில் 'பை' தனியாக நிற்கலாம். 'தீஸ் ஆர் தி ரூல்ஸ் வி அபைடு பை' என்பது முழுக்கச் சரி. கடைசியில் 'பை' தொங்குகிறதே என்று பயந்து அதை வெட்டிவிடுகிறார்கள், அதுதான் தப்பு. 'ரூல்ஸ் பை விச் வி அபைடு' என்றும் எழுதலாம், விறைப்பாக இருக்கும்.

எல்லோரும் செய்யும் தவறுகள் என்னென்ன?

நான் திருத்தும் தாள்களில் அடிக்கடி பார்ப்பது 'ஐ ஆம் அபைடு பை தி ரூல்ஸ்'. அபைடு ஒரு வினை, அதற்கு முன்னால் 'ஆம்' வேண்டாம். 'ஐ அபைடு பை தி ரூல்ஸ்' போதும். இதன் தம்பி 'ஐ வில் பி அபைடு பை'. அங்கேயும் 'பி'யைத் தூக்கிவிட்டு 'ஐ வில் அபைடு பை' என்று எழுதுங்கள். இந்தத் தவறு ஏன் வருகிறது என்று யோசித்துப் பார்த்தால், 'ஐ ஆம் பௌண்ட் பை' என்று இன்னொரு தொடர் இருக்கிறது, அது காதில் விழுந்து விழுந்து இரண்டும் கலந்துவிடுகின்றன. 'பௌண்ட் பை' பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அடுத்தது 'அபைடு டு', 'அபைடு வித்'. 'அட்ஹியர் டு', 'கம்ப்ளை வித்' என்ற இரண்டு தொடர்களும் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்பதால் அவர்களுடைய 'டு'வும் 'வித்'தும் இங்கே வந்து ஒட்டிக்கொள்கின்றன. விதி, முடிவு என்றால் 'பை' மட்டும்தான்.

'ஐ ஹியர்பை அபைடு பை' என்று எழுதுவதும் பரவலாக இருக்கிறது. 'ஹியர்பை' என்றால் 'இந்த எழுத்தின் மூலமே' என்று அர்த்தம். அதாவது அந்த வார்த்தையை எழுதும் கணத்திலேயே செயல் முடிந்துவிட வேண்டும். உறுதி கூறுவது, ஒப்புக்கொள்வது, அறிவிப்பது எல்லாம் எழுதியவுடன் நடந்து முடிகிற செயல்கள். நிலைத்து நடப்பது ஒரு கணத்தில் முடிகிற காரியமா? அதனால் 'ஐ ஹியர்பை அக்ரீ டு அபைடு பை' என்று நடுவில் ஒப்புதல் வினை ஒன்று வேண்டும்.

இறந்த காலம் 'அபைடெட்' என்பதா, 'அபோடு' என்பதா?

'அபைடெட்'. 'அபோடு' பழைய நூல்களில் வரும், இன்றைக்கு எழுதினால் நாடகத்தனமாக இருக்கும்.

செயப்பாட்டு வினையாக எழுதலாமா?

எழுதலாம், ஆனால் எழுதாதீர்கள். 'தி ரூல்ஸ் மஸ்ட் பி அபைடெட் பை' என்று எழுதினால் இலக்கணம் சரிதான், காதுக்கு நொண்டும். அதிலும் 'பை' முடிவில் வந்தவுடன் 'பை ஆல் ஸ்டூடண்ட்ஸ்' என்று சேர்க்க வேண்டியிருந்தால் 'பை பை' என்று இரண்டு வந்து நிற்கும், அதில் ஒன்றை எழுதுகிறவரே விழுங்கிவிடுவார். அந்த இடத்தில் 'ஃபாலோ' அல்லது 'அப்சர்வ்' என்ற வினையைப் போட்டு 'தி ரூல்ஸ் மஸ்ட் பி அப்சர்வ்டு பை ஆல் ஸ்டூடண்ட்ஸ்' என்று எழுதிவிடுங்கள்.

'பை'க்குப் பிறகு என்னென்ன வரலாம்? ஆளின் பெயர் வரலாமா?

விதி, சட்டம், முடிவு, தீர்ப்பு, ஒப்பந்தம், நிபந்தனை, கொள்கை, கொடுத்த வாக்கு, ஒருவரின் விருப்பம் எல்லாம் வரலாம். ஆள் வர முடியாது. 'ஐ வில் அபைடு பை மை ஃபாதர்' என்றால் பொருள் தராது, 'மை ஃபாதர்ஸ் டிசிஷன்', 'மை ஃபாதர்ஸ் விஷ்' என்று எழுத வேண்டும். கட்டுப்படுவது ஆளுக்கு இல்லை, அவர் சொன்ன சொல்லுக்கு.

இந்த 'பை'க்குப் பிறகு வருவது எவ்வளவு முக்கியம் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆங்கிலம் தெரியாத ஒரு அப்பா. மகனை ஹாஸ்டலில் சேர்க்க வந்திருந்தார், படிவம் நிரப்ப உதவிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. 'இதுல என்னங்க எழுதியிருக்கு?' என்றார். 'விதிமுறைகளுக்குக் கட்டுப்படுறோம்னு போட்டிருக்குங்க' என்றேன். 'எந்த விதிமுறைங்க? அந்தத் தாள் எங்க?' என்றார். நான் அதைக் கேட்கவே இல்லை. இத்தனை படிவம் நிரப்பியிருக்கிறேன், ஒருமுறைகூட அந்தத் தாளைக் கேட்டதில்லை. அலுவலகத்தில் இருந்தவர் மேசை இழுப்பறையைத் திறந்து, ஸ்டேபிள் அடித்த நான்கு பக்கத்தை எடுத்துக் கொடுத்தார். ஓரமெல்லாம் சுருண்டு கிடந்த ஜெராக்ஸ். அந்த அப்பா பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக என்னைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். நடுவில் விட்டுப் போனால் கட்டிய பணம் திரும்ப வராது என்ற வரிக்கு மட்டும் மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். முக்கால் மணி நேரம் ஆனது. அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்குப் பிறகு என் வகுப்பில் இந்தத் தொடரைச் சொல்லிக்கொடுக்கும்போது முதல் கேள்வி இதுதான்: 'பை' எதற்கு? அந்த எதற்கு என்பது கையில் இருக்கிறதா?

'கம்ப்ளை வித்', 'அட்ஹியர் டு', 'கன்ஃபார்ம் டு', 'ஸ்டிக் டு' எல்லாம் இதே பொருள்தானே? எதை எங்கே போடுவது?

பொருள் நெருங்கி வரும், நிறம் வேறு.

'கம்ப்ளை வித்' என்பதில் வெளியிலிருந்து ஒரு கோரிக்கையோ தேவையோ வந்திருக்கும், அதை நிறைவேற்றுவது. வருமான வரி நோட்டீஸ், தீயணைப்புத் துறை கேட்கும் பாதுகாப்பு ஏற்பாடு, கட்டட விதி எல்லாம் இதில் சேரும். உள்ளே என்ன மனசோடு செய்தீர்கள் என்று இந்தச் சொல் கேட்காது, செய்தீர்களா இல்லையா என்றுதான் பார்க்கும். ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 94-ஆவது பிரிவில், சர்வதேச நீதிமன்றத்தின் முடிவை உறுப்பு நாடுகள் நிறைவேற்ற வேண்டும் என்ற இடத்தில் வருவது இந்தக் 'கம்ப்ளை வித்' தான்.

'அட்ஹியர் டு' ஒட்டிக்கொள்வது. பசை என்ற பொருளில் வரும் 'அட்ஹீசிவ்' இதன் உறவு. இம்மியும் பிசகாமல் ஒரு வழிமுறையையோ நேர அட்டவணையையோ பின்பற்றும்போது இதைப் போடலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்த உணவுமுறைக்கு இது பொருந்தும், அங்கே 'அபைடு பை' கொஞ்சம் பெரிய சட்டையாக இருக்கும்.

'கன்ஃபார்ம் டு' அளவுக்கும் தரத்துக்கும் பொருந்துவது. ஹெல்மெட் ஐஎஸ்ஐ தரத்துக்குக் கன்ஃபார்ம் ஆகும், அபைடு ஆகாது, ஹெல்மெட்டுக்கு ஏற்றுக்கொள்ளும் மனசு கிடையாதே. 'ஸ்டிக் டு' நண்பர்களுக்குள் பேசும்போது. 'நாளைக்குக் காலை ஆறு மணின்னு சொன்னோம், அதையே வச்சுக்குவோம்' என்பதற்கு 'லெட்ஸ் ஸ்டிக் டு இட்' போதும்.

'பௌண்ட் பை' என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

'பௌண்ட் பை' நிலைமையைச் சொல்கிறது. ஒப்பந்தம் உங்களைக் கட்டியிருக்கிறது, நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். 'அபைடு பை' உங்கள் நடத்தையைச் சொல்கிறது. கட்டுப்பட்ட ஒருவர் கட்டை மீறவும் கூடும், அப்போது அவர் 'பௌண்ட் பை' தான், ஆனால் 'அபைடு' செய்யவில்லை. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவுடன் முதல் தொடர் உண்மையாகிவிடுகிறது. இரண்டாவது உண்மையா என்பது ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வாடகை கொடுக்கும்போதுதான் தெரியும்.

பேச்சில் பயன்படுத்தலாமா? அலுவலக மெயிலில்?

பேச்சில் தேவைப்படுவது குறைவு. சின்னப் பிள்ளையிடம் 'அபைடு பை தி ரூல்ஸ்' என்று சொன்னால் அது நோட்டீஸ் வாசிப்பது மாதிரி இருக்கும், 'ஃபாலோ தி ரூல்ஸ்' போதும்.

மெயிலில் கவனம் வேண்டும். 'ஐ வில் அபைடு பை யுவர் டிசிஷன்' என்று மேலாளருக்கு எழுதினால் அதில் ஒரு மெல்லிய தொனி இருக்கிறது: எனக்கு வேறு கருத்து உண்டு, ஆனாலும் உங்கள் முடிவை ஏற்று நடக்கிறேன். நிஜமாகவே அப்படி இருந்தால் இது அருமையான, மரியாதையான வாக்கியம், முறைப்பு இல்லாமல் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்துவிடும். ஆனால் முடிவு உங்களுக்கு முழுச் சம்மதம் என்றால் இதை எழுதாதீர்கள், 'ஐ அக்ரீ வித் யுவர் டிசிஷன்' என்று எழுதுங்கள். என் பழைய மாணவி ஒருத்தி, தனக்குப் பிடித்த மாதிரி ஷிஃப்ட் மாற்றிக் கொடுத்த டீம் லீடருக்கு நன்றி சொல்வதாக நினைத்து 'அபைடு பை' என்று எழுதி அனுப்பியிருக்கிறாள். 'உனக்கு இதில் ஏதாவது வருத்தமா?' என்று அவர் கூப்பிட்டுக் கேட்டாராம். அவள் வந்து என்னிடம் கேட்டபோதுதான் இந்தத் தொனியைப் பற்றி நான் வகுப்பில் சொல்லியிருக்கவில்லை என்பது உறைத்தது.

படிவங்களைத் தவிர பெரிய ஆவணங்களில் எங்காவது வருகிறதா?

வருகிறது. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு குடிமக்களின் அடிப்படைக் கடமைகளைச் சொல்கிறது. 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட பிரிவு. அதில் முதல் கடமையின் ஆங்கில வாசகமே 'டு அபைடு பை தி கான்ஸ்டிடியூஷன்' என்றுதான் தொடங்குகிறது. 'ஒபே' என்று போடவில்லை. ஆண்டவர் கட்டளைக்குப் பணிவது போல இல்லாமல், 'இந்திய மக்களாகிய நாம்' என்று நமக்கு நாமே வழங்கிக்கொண்ட ஒன்றில் நிலைத்து நிற்பது என்ற பொருள் இந்தத் தொடரால்தான் கிடைக்கிறது. டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள் இந்த வாசகத்தைக் கட்டாயம் ஒருமுறை ஆங்கிலத்தில் படித்துவிடுங்கள்.

விளையாட்டிலும் உண்டு. ஒலிம்பிக் தொடக்க விழாவில் வீரர்கள் சார்பாக உறுதிமொழி எடுப்பார்கள், 1920 ஆண்ட்வெர்ப் போட்டியில் தொடங்கிய வழக்கம். 2000-இல் சிட்னியில் ஆஸ்திரேலிய ஹாக்கி வீராங்கனை ரெச்செல் ஹாக்ஸ் எடுத்த உறுதிமொழியில் 'ரெஸ்பெக்டிங் அண்ட் அபைடிங் பை தி ரூல்ஸ்' என்று வரும். விதிகளை மதித்து, அவற்றில் நின்று. மதிப்பது மனசில், நிற்பது நடத்தையில், அதனால்தான் இரண்டு வினை.

'லா அபைடிங்', 'அபைடிங் இன்ட்ரெஸ்ட்' இவை இரண்டும் ஒன்றா?

இல்லை. 'லா-அபைடிங் சிட்டிசன்' என்றால் சட்டத்தை மதித்து நடக்கும் குடிமகன், நடுவில் சிறு கோடு போட வேண்டும், இங்கே 'பை' வராது. 'அபைடிங் இன்ட்ரெஸ்ட்' என்றால் நீண்ட காலமாக மாறாமல் இருக்கும் ஈடுபாடு, பழைய 'நிலைத்திருத்தல்' பொருள்தான். பெயர்ச்சொல்லாக 'அபைடன்ஸ்' என்று ஒன்று அகராதியில் இருக்கிறது, வழக்கில் அரிது. சுற்றறிக்கை எழுதுகிறவர்கள் 'நான்-அபைடன்ஸ்' என்று போடாமல் 'நான்-கம்ப்ளையன்ஸ்' என்று போட்டால் படிக்கிறவருக்குப் புரியும்.

உச்சரிப்பு?

'கைடு', 'ரைடு' மாதிரி முடியும். அழுத்தம் இரண்டாவது அசையில், 'பைடு' மேல். 'அ' லேசாக வந்துபோனால் போதும்.

தமிழில் மொழிபெயர்க்கும்போது எந்தச் சொல்லைப் போடுவது?

பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். முடிவு, தீர்ப்பு என்றால் 'கட்டுப்படுகிறேன்'. விதி, நெறிமுறை என்றால் 'கடைப்பிடிக்கிறேன்'. ஒப்பந்த நிபந்தனை என்றால் 'ஏற்று நடக்கிறேன்'. வாக்கு என்றால் 'சொன்ன சொல்லில் நிற்கிறேன்'. 'பின்பற்றுகிறேன்' தவறில்லை, ஆனால் அதில் ஏற்றுக்கொண்ட பொறுப்பு தெரியாது, முன்னால் போகிறவர் பின்னால் போவது மட்டும்தான் தெரியும். 'கீழ்ப்படிகிறேன்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், காரணம் மேலே சொல்லிவிட்டேன்.

உறுதிமொழிக் கடிதம் ஒன்று எழுதியிருக்கிறேன், சரியா என்று பார்க்க முடியுமா?

இது போன வாரம் வந்தது. ஹாஸ்டலுக்கு இரண்டு முறை தாமதமாகத் திரும்பிய முதலாண்டு மாணவர், வார்டன் எழுதித் தரச் சொன்னதால் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அவர் எழுதியது: 'ஐ ஹியர்பை அபைடு டு தி ரூல்ஸ் ஆஃப் தி ஹாஸ்டல். ஐ வில் பி அபைடு பை எனி ஆக்ஷன் டேக்கன் ஆன் மீ.'

இரண்டு வரியில் மேலே சொன்ன தவறுகளில் மூன்று இருந்தன. முதலில் 'ஹியர்பை' பக்கத்தில் 'அண்டர்டேக் டு' என்று சேர்த்தோம், உறுதி கூறுகிறேன் என்று. 'டு தி ரூல்ஸ்' என்பதை 'பை தி ரூல்ஸ்' ஆக்கினோம். இரண்டாவது வரியில் 'பி' போனது. அதோடு விடவில்லை. 'எனி ஆக்ஷன்' என்று எழுதினால் எந்த நடவடிக்கைக்கும் இப்போதே தலையாட்டுவதாக ஆகிவிடும், அது எழுத வேண்டிய அவசியம் என்ன என்று கேட்டேன். வார்டன் கேட்டது என்ன? 'மறுபடி லேட்டா வந்தா நான் எடுக்கிற முடிவுக்கு ஒத்துக்கணும்னு எழுதச் சொன்னார் சார்.' சரி, அதை மட்டும் எழுதுவோம் என்றேன். கடைசியில் கடிதம் இப்படி வந்தது: 'ஐ ஹியர்பை அண்டர்டேக் டு அபைடு பை தி ரூல்ஸ் ஆஃப் தி ஹாஸ்டல். இஃப் ஐ ரிட்டர்ன் லேட் அகெய்ன், ஐ வில் அபைடு பை தி வார்டன்ஸ் டிசிஷன்.'

அவர் அதை இன்னொரு தாளில் மெதுவாக நகலெடுத்தார். தேதி போட்டார். கையெழுத்துப் போடும் முன் நிறுத்திவிட்டு, 'சார், ராத்திரி எத்தனை மணிக்குள்ள வரணும்னு அந்த ரூல்ஸ்ல எட்டரைன்னு இருக்கா ஒன்பதுன்னு இருக்கா, நான் இன்னும் பார்க்கலை' என்றார். பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடு என்று அனுப்பிவைத்தேன்.